ஆள் அதிகமான லிஃப்ட்

தி. நகர், பிற்பகல் மூன்று மணி. மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மதுரையிலிருந்து வந்திருக்கிறோம். மனைவி முன்னால் போய், ஜவுளிக்கடையின் நாலாவது மாடியில் லிஃப்ட் வாசலிலேயே நிற்கிறாள். பையைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, முட்டிவலியோடு நான் கீழே லிஃப்டில் ஏறுகிறேன். உள்ளே ஸ்டூலில் லிஃப்ட் இயக்கும் பெண் மட்டும்தான். பத்துப் பேர் போகலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஆள் அதிகம் என்று பஸ்ஸர் அலறுகிறது. கதவு மூட மறுக்கிறது.

"ஏம்மா, மிஷின் ரிப்பேரா?"

"மெக்கானிக் நாலு தபா பாத்துட்டாரு, ஒண்ணும் இல்லன்றாரு சார். டெய்லி இந்நேரத்துக்கு ஆளு ஏறுது. நீங்க எறங்கி அடுத்த ட்ரிப்புல வாங்க."

"எந்த ஆளு?"

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாள்.

வெளியே வருகிறேன். பஸ்ஸர் நின்றுவிடுகிறது. கதவு மூடி, லிஃப்ட் மெதுவாக மேலே போகிறது.

மேலே மனைவி தனியாக நிற்கிறாளே! முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடுகிறேன். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கும்போது, மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.

"பாத்து எறங்குங்க" என்கிறாள் லிஃப்ட் பெண்.

உடனே என் மனைவியின் குரல்: "ஏங்க, வர இம்புட்டு நேரமா?"

நான் இன்னும் படியில்தான் நிற்கிறேன்.