எதிர்க்கடை விதையும் என் சிலிமாரின் மாத்திரையும்

மருந்துக்கடை வைத்திருக்கும் தோழர்களே, நமக்கு நோயாளிகளைக்கூடச் சமாளிக்கத் தெரியும். எதிர்க்கடையைத்தான் சமாளிக்கத் தெரியாது.

விளக்கம் என்னிடம்

ராசிபுரத்தில் என் கடைக்கு நேர் எதிரே மல்லிகா நாட்டு மருந்துக்கடை திறந்தாள். மில்க் திஸில் என்கிற முள்செடியின் விதை அங்கே பொட்டலமாகக் கிடைக்கும். என்னிடம் அதே விதையின் சத்து மாத்திரையாக இருந்தது.

ஒரு தறிக்காரர் வந்து அது எதற்கு என்று விசாரித்தார். விதையில் இருப்பது சிலிமாரின், அது ஒரே பொருள் இல்லை, பல பொருள்களின் கூட்டு, அதில் முக்கியமானது சிலிபின், கல்லீரலைக் காக்கும் என்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சிகள் ஒரே மாதிரி சொல்லவில்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். தலையாட்டிவிட்டு ரோட்டைத் தாண்டினார். திரும்புகையில் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க சொன்னது நல்லா வெளங்குச்சுங்க. அதான் விதையாவே வாங்கிட்டனுங்க."

கரையாத சங்கதி

சிலிமாரின் தண்ணீரில் சரியாகக் கரையாது. விதையைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறாளே மல்லிகா, அந்தக் கஷாயத்தில் பாதிச் சத்து சக்கையோடு போய்விடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சேதி அவளுக்கு எட்டியது. சண்டைக்குத் தயாராக நின்றேன். "அப்படிங்களாண்ணா?" என்று என் கடைக்கே வந்து கேட்டுக்கொண்டு போனவள், மறுநாளே பலகை வைத்தாள்: 'கஷாயம் வேண்டாம், பொடித்துச் சாப்பிடவும்.' கூட்டம் இன்னும் கூடியது. பில் போடும் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அவங்க யாவாரத்துக்கு நீங்கதான் யோசனை சொல்றீங்க போல."

மஞ்சள்

போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டும் பழனிசாமி அண்ணன் மட்டும் என்னிடமே மாத்திரை வாங்கினார். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஒருநாள் அவர் கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. டாக்டரிடம் அனுப்பினால் இந்த ஒருவரும் போய்விடுவாரோ என்று பேசாமல் அட்டையை நீட்டினேன். அவர் விதையும் கேட்டுப் பார்க்க எதிரே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மல்லிகா விதை தரவில்லை. அவரை வெளிச்சத்துக்கு இழுத்துக் கண்ணைப் பார்த்தாள். கடையைச் சாத்திவிட்டு, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்ததாம். எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார்.

தேறி வந்ததும் என் கடைக்கும் வந்தார். பார்த்தும் சொல்லாமல் விட்டதை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க மாத்தர மேல ஒரு குத்தமும் இல்லீங்க. அந்தப் புள்ளதான் என் மூஞ்சியப் பாத்துச்சுங்க."

இப்போது நானும் ஆளின் கண்ணைப் பார்த்த பிறகே மாத்திரையை எடுக்கிறேன், அதையும் அவளிடம்தான் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.