திரும்பி வந்த நாள் சாப்பாடு

சுகந்திக்கு எல்லாம் வரும். மலைப்பாதை வளைவுகளில் ஸ்கூட்டர் ஓட்ட வரும், காய்ச்சலில் முனகுகிற பிள்ளையைக் கதை சொல்லித் தூங்கவைக்க வரும், அதிகாரிகளிடம் சண்டை போடாமலே காரியத்தை முடிக்க வரும். சமையல் மட்டும் வராது. அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஆகவே அதுவும் வரும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கொல்லிமலையில், திருப்புலி நாடு என்னும் ஊர்ப்பகுதியில் இருக்கும் ஒரு சிறுவர் இல்லத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். கட்டட வேலைக்கும் காட்டு வேலைக்கும் ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். விடுமுறை முடிந்து அவர்கள் திரும்பி வரும் நாள் இருக்கிறதே, அதுதான் இல்லத்துக்குப் பெரிய கண்டம். பையைக் கீழே வைத்ததும் ஒரு பிள்ளை விசும்ப ஆரம்பிக்கும். அதைப் பார்த்து இன்னொன்று. சற்று நேரத்தில் கூடமே அழும்.

அதற்குச் சுகந்தி ஒரு வழி வைத்திருந்தார். ஊரிலிருந்து வரும்போது ஆளுக்கு ஒரு கை எதையாவது கொண்டுவரச் சொல்வார். சாமையோ குச்சிக்கிழங்கோ, மொச்சையோ பலாக்கொட்டையோ, எது கிடைத்தாலும் சரி. அன்றைக்கு மட்டும் அவரே அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே பானையில் சமைப்பார். ஒரு பிள்ளை கொண்டுவந்தது முந்தி, இன்னொரு பிள்ளை கொண்டுவந்தது பிந்தி என்று இருக்கக் கூடாதாம். அதனால் அத்தனையையும் ஒரே நேரத்தில் கொட்டுவார். நியாயமென்றால் அப்படி ஒரு நியாயம். சாமை கூழாகிவிடும், மொச்சை பல்லை உடைக்கும். ஆனால் சாப்பிட்டு எழுவதற்குள் ஒரு கண்ணிலும் ஈரம் இருக்காது.

இதை எழுத வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. இல்லங்களில் தங்கி வளரும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்விதழ் வருகிறது. பேராசிரியர்கள் எழுதுகிற இதழ். இல்லங்களில் வேலை செய்கிறவர்களும் எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள். சுகந்தி எழுதி அனுப்பினார். தங்கள் வீட்டு விளைச்சலைப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து உண்பதால் பிரிவின் துயரம் தணிகிறது என்பதுதான் கட்டுரையின் சாரம். அந்தச் சாப்பாட்டின் ருசியைப் பற்றித் தனியாக ஒரு பத்தியே எழுதியிருந்தார். தைரியம்தான்.

இதழின் ஆசிரியர் ராதிகா போனில் கூப்பிட்டார். “கட்டுரை நல்லா வந்திருக்கு மேடம். ஆனா முழுக்க நீங்கதான் பேசுறீங்க, பிள்ளைங்க பேசவே இல்லையே. அழுகை ஏன் நிக்குதுன்னு அவங்களையே கேட்டு எழுதுங்க, போட்டுடலாம்.”

இவ்வளவுதானா என்று சுகந்திக்கு நிம்மதியாகிவிட்டது. அன்று சாயங்காலமே பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டார்.

“சோறு நல்லா இருக்குமுங்கம்மா,” என்றான் விமல்ராஜ். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். பின்வரிசை குலுங்கியது.

“நெசத்தச் சொல்லு சாமி. நான் ஒன்னும் சொல்லமாட்டேன்.”

சுசித்ரா எழுந்தாள். எட்டு வயசு, பொய் சொல்ல இன்னும் பழகவில்லை. “சோறு வாயில வெக்க முடியாதுங்கம்மா. அன்னைக்கு ராசாமணியக்கா உங்களத் திட்டுமில்லீங்களா, அதப் பாக்கத்தான் நாங்க எல்லாரும் சமையக்கட்டு வாசல்ல நிக்கறது.”

கூடம் வெடித்துச் சிரித்தது.

ராசாமணிதான் இல்லத்தின் சமையல்காரர். மற்ற நாட்களில் சுகந்தியின் முன்னால் அதிர்ந்து பேசமாட்டார். அன்று மட்டும் தன் பானை படுகிற பாட்டைப் பார்த்ததும் பொறுக்காது. “மொச்சையும் சாமையும் ஒன்னா வேகுமுங்களா? இந்தக் கூத்த எங்கீங்க போயிக் கத்துக்கிட்டு வந்தீங்க?” என்று, மரியாதை ஒரு இம்மியும் குறையாமல், வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். பானைமேல் உள்ள கரிசனம் என்றே சுகந்தி அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மாவும் எங்கப்பாவ இப்படித்தானுங்க திட்டும்,” என்றான் தனுஷ். “அதக் கேட்டா எங்கூட்டுல இருக்கறாப்பலயே இருக்குமுங்க.”

சுகந்திக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷத்துச் சமையல் பெருமை ஒரு நிமிஷத்தில் கவிழ்ந்தது. எழுதினால் ஊர் சிரிக்கும், எழுதாவிட்டால் கட்டுரை பொய். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தனுஷ் சொன்னதை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது கண் நிறைந்திருந்தது. ருசியைப் பற்றிய பத்தியை அடித்துவிட்டு, தான் வாங்கிய திட்டுகளை ஒன்றுவிடாமல் எழுதினார். கட்டுரை வெளிவந்தது.

இதழ் வந்த அன்று கூடத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ராசாமணி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏனுங்க, படிச்சவங்க படிக்கற பொஸ்தகத்துல போயி என்னைய இப்படி எழுதிட்டீங்களே! இனி நான் வாயத் தொறந்தா கேளுங்க.”

சொன்னபடியே செய்தார். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பினார்கள். அதே மலையின் பைல் நாட்டுச் சிறுமி ஒருத்தி அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தாள். தூணைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அடுப்படியில் சுகந்தி வழக்கம்போல எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினார். வாசலில் முகங்கள் காத்திருந்தன. ராசாமணி “ஆகட்டுங்கம்மா” என்றார். கிழங்கு அடிப்பிடித்தபோதும் “பரவாயில்லீங்கம்மா” என்றார். முகங்கள் வாடின. ஒரு தேம்பல் இரண்டாகி, இரண்டு நான்காயிற்று.

சுகந்தி வாசலைப் பார்த்தார். எழுதி எழுதியே கெடுத்துவிட்டோமே! அச்சில் பேர் வந்து என்ன பிரயோஜனம், இந்த அக்கா ஒரே ஒரு வார்த்தை திட்டினால் போதுமே என்று தவித்தார். தவிப்பில், உப்புப் போட்டோமா இல்லையா என்பது மறந்துபோய், இன்னொரு பிடி அள்ளிப் போட்டார். அதுவும் மறந்து அடுத்த பிடியை அள்ளினார். ராசாமணியின் உதடு துடித்தது. கை பானைக்கு மேலே போய் உப்பை மறித்தது.

“அட, எங்கீங்க கொட்டறீங்க! எத்தன தடவதான் உப்புப் போடுவீங்க? பச்சப் புள்ளைக திங்கற சோறுங்க இது! பொஸ்தகமாவது மண்ணாவது, நவுருங்க அந்தப் பக்கம்!”

வாசல் அதிர்ந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தூணை விட்டுவிட்டு, மூக்கைத் துடைத்தபடி அந்தச் சிறுமி கூட்டத்துக்குள் தலையை நுழைத்தாள். கண்ணீர் காயாத முகத்தோடு சுகந்தியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, இன்னொருக்கா திட்டச் சொல்லுங்கம்மா.”

சுகந்தி மறுபடி உப்பில் கை வைத்தார்.