உம் கொட்ட மறந்தவர்கள்

என் கணவர் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்த வருடங்களில் நாங்கள் கேசட்டில்தான் குடும்பம் நடத்தினோம். கல்யாணமான மூன்றாம் மாதம் அவர் கிளம்பிப் போனார். கடிதம் எழுத அவருக்குக் கை வராது. அவர் தங்கியிருந்த முகாமில் போன் கிடையாது. நானோ டிப்ளமா முடித்துவிட்டு திண்டுக்கல் தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். யார் வீட்டு லைன் செத்தாலும் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் கருவி, அடுத்து வீட்டுக்குள் வரும் ஒயர், அடுத்து கம்பம், அப்புறம் கேபிள், கடைசியில் எங்கள் நிலையம். என் கணவரோடு பேசுவதற்கு மட்டும் டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அடுக்களையில் உட்கார்ந்து பேசுவேன். வீடு, வேலை, தண்ணீர், அவருடைய அண்ணன் குடும்பம், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று வரிசை போட்டுக்கொண்டால்தான் பேச்சு நிற்காமல் போகும். சின்னாளப்பட்டிக்காரர் ஒருவரும் பழனிக்காரர் ஒருவரும் அதே முகாமில் இருந்தார்கள். அவர்களில் யாராவது லீவில் வந்து திரும்பும்போது கேசட் போகும், அடுத்தவர் வரும்போது பதில் வரும். “நீ கேட்டிருந்தேல்ல” என்று அவர் தொடங்கும்போது நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே நினைவிருக்காது.

முதல் ஒப்பந்தம் முடியும் தருவாயில், கோடையில் அவர் லீவில் வந்தார். கம்பெனி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கூப்பிட்டிருந்தது. வருகிறாரா இல்லையா என்று லீவு முடிவதற்குள் தந்தி கொடுக்க வேண்டும். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போகவில்லை என்று அவரே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் வீடு, சாணார்பட்டியில் மாமா வீடு, முடி காணிக்கைக்குப் பழனி என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தன. எல்லா இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள். அந்த இரைச்சலில் நாங்கள் தனியாகப் பேசவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

திருச்செந்தூர் போய் நாலு நாள் தங்கி வரலாம் என்றது அவர்தான். அண்ணனிடம் காரைக் கேட்டார்.

“ஏலே அப்பு, அங்க பூராம் கடல்லதான கெடந்த. இங்க வந்தும் கடலா?” என்றார் அண்ணன்.

“அது வேல பாக்குற கடல்ண்ணே.”

“அப்ப இது என்ன, படுத்துக் கெடக்குற கடலா? சரி, எடுத்துட்டுப் போ. ரேடியேட்டர்ல தண்ணி பாத்துக்க. அந்த ஊரு உப்புத்தண்ணிய ஊத்திப்புடாத.”

பழைய பியட் கார் அது. டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர் ஏற்றினோம். அண்ணன் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு கொடத்துக்கு இங்க தெருவே அடிச்சிக்கிட்டு நிக்கிது. காரு குடிக்கறதுக்கு ரெண்டு கேனாக்கும்” என்றார். அந்த வருடம் திண்டுக்கல்லில் குழாய் கிட்டத்தட்ட ஓய்ந்திருந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

திருச்செந்தூரில் லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வந்தது. வாளி, செம்பு, டம்ளர், சோப்பு டப்பாவின் மூடி வரை நிரப்பி வைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். முதல் இரண்டு நாள் காலையில் கோயிலும் கடலும், மத்தியானம் தூக்கமும், சாயங்காலம் மறுபடி கடலுமாகப் போயின. மூன்றாம் நாள் காலை, “சும்மா கடலோரமாவே காரை விடுவோமா? எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நிப்போம்” என்றார். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

குலசேகரப்பட்டினம் வரை அவர் பேசினார். மணல் காற்று அடித்தால் கிரேனை எப்படி நிறுத்துவார்கள், மேலே கேபினில் மாட்டிக்கொண்ட கேரளாக்காரர் எப்படி அங்கேயே தொழுதார், காற்று நின்றதும் எல்லாருடைய காதிலிருந்தும் மணல் கொட்டியது. நல்ல கதைதான். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அவர் முடித்ததும் கொஞ்ச தூரம் இருவரும் சும்மா இருந்தோம். அடுத்து நான் தொடங்கினேன். நிலையத்துக்குப் புதிதாக வந்த கேபிள், மழையில் அது நனைந்துபோனது, எல்லா லைனிலும் எல்லார் பேச்சும் கேட்டது. அவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். நான் முடித்தேன். திரும்பவும் கொஞ்ச தூரம் சும்மா இருந்தோம். அப்புறம் அவர் முறை.

மணப்பாட்டில் இறங்கி, மணல் மேட்டின் மேல் இருந்த சிலுவைக் கோயில் வரை ஏறினோம். கீழே ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் கழிமுகமும் கிடந்தன. காற்று சேலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் காத்திருந்தேன். அவர் தூரத்தில் போன கப்பலைக் காட்டி அது என்ன மாதிரிக் கப்பல், எத்தனை கிரேன் வேண்டும் என்று சொன்னார். இறங்கி வந்தோம்.

உவரிக்குப் போகும் வழியில் மண் செக்கச் சிவந்து கிடக்கும். பனையைத் தவிர வேறு மரமே கண்ணில் படாது. ஓலைப் பந்தல் ஒன்றில் ஒரு அம்மா பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். காரை நிறுத்தி, பந்தலுக்குள் போட்டிருந்த பனந்தடியில் உட்கார்ந்தோம். ஓலைப் பட்டையை விரித்துக் கையில் கொடுத்து, நுங்கைப் பிதுக்கிப் போட்டு, பதநீரை ஊற்றினார் அந்த அம்மா.

“எந்தூரு?”

“திண்டுக்கல்.”

“பூட்டூராக்கும். வீட்டப் பூட்டுனியளா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லாரும் ஆடுகிற விளையாட்டுத்தான் அது.

என் கணவர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் பேச ஆரம்பித்தார். அங்கே பேரீச்ச மரத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பில் எப்படிக் கயிறு கட்டுவார்கள் என்பது பேச்சு. நான் கேட்டுக்கொண்டே குடித்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்றார்.

“இல்லயே, ஏன்?”

“அவிய பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்காவ. நீ ஒரு உம் கொட்டணும்லா பிள்ள? என் வீட்டுக்காரரு மரத்து மேல நின்னு பேசுவாரு, நான் கீழ நின்னு உம் கொட்டுவேன். கொட்டலன்னா, ‘ஏட்டி, இருக்கியா, போயிட்டியா’ன்னு ஒரு சத்தம் போடுவாரு.”

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். காரில் ஏறிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போனில் பேசுகிறவருடைய குரலைக் கொஞ்சம் அவர் காதிலேயே திருப்பி விழும்படி வைத்திருப்பார்கள். அப்படி விழாவிட்டால் லைன் செத்துவிட்டது என்று நினைத்து அவர் பேச்சை நிறுத்திவிடுவார். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கேசட்டுக்கு உம் கொட்ட வேண்டியதில்லை. குறுக்கே பேசவும் முடியாது. ஒரு பக்கம் முடியும்வரை கேட்டுவிட்டு, பிறகு நம் பக்கத்தைப் பேச வேண்டும். அப்படியே பழகி, எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

இனி அவர் தானாகச் சொல்லப் போவதில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

“உங்ககிட்ட நாலு விஷயம் சொல்லணும்” என்றேன்.

“ம்” என்றார். அது அவருக்கே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், ஓரக்கண்ணால் பார்த்தார்.

“ஒண்ணு, உங்க கூட்டாளி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மோட்டார் காயில் கட்டுற கடைக்கு உங்களக் கூப்புடுறாரு. கோடை வந்தா சுத்துப்பட்டியில கிணத்து மோட்டார் புகையாத ஊரு கிடையாது. வேலை நிக்காது.”

“ம்.”

“ரெண்டு, என் வேலை நிரந்தரமாயிருச்சு. கடை பிடிக்கிற வரைக்கும் சமாளிக்கலாம்.”

“ம்.”

“மூணு, உங்க அண்ணனுக்கும் நீங்க இங்க இருக்கணும்னுதான் ஆசை. வாய விட்டுச் சொல்ல மாட்டாரு.”

“ம்.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். உவரியில் மீன் சாப்பாடு சாப்பிட்டோம். கடற்கரையில் படகுகளை ஏற்றி வைத்திருந்தார்கள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் கொஞ்சம் நடந்தார். திரும்பி வந்து, “நாலுன்னு சொன்ன. மூணுதான வந்துச்சு” என்றார்.

வரிசையில் விட்டுப்போனதை அவர் கவனித்திருந்தார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

“நாலாவது, ஒருத்திக்கு மட்டும் சமைக்க எனக்குப் பிடிக்கல” என்றேன். “சோத்த வடிச்சிட்டு அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். தொட்டுக்க வெஞ்சனம்னு ஒண்ணும் செய்யறதில்ல.”

அவர் ‘ம்’ சொல்லவில்லை.

திரும்பும் வழியில் வெயில் ஏறி, காரின் சூட்டு முள் மேலே போய்விட்டது. பனைகளின் நிழல் விழுந்த இடமாகப் பார்த்து நிறுத்தினார். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, சூடு தணியட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்காமல், என்ஜினைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அங்க வேல முடிஞ்சு வந்து கட்டில்ல உக்காந்தா உன்கிட்டச் சொல்றதுக்கு அம்புட்டு இருக்கும். இன்னைக்கு இதச் சொல்லணும், அதச் சொல்லணும்னு நாள் பூராம் சேத்து வச்சிருப்பேன். இங்க வந்ததுல இருந்து ஒண்ணும் வரமாட்டேங்குது. நீ எதுக்க உக்காந்திருக்க, நான் கிரேன் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன். காயில் கட்டத் தெரியாம இல்ல. உன்கூட எப்படி இருக்கறதுன்னுதான் தெரியல. எனக்கே பயமா இருக்கு.”

நான் எதிர்பார்த்த பதில்கள் சில இருந்தன. அண்ணன், வீடு, ஊரில் மரியாதை. அவை எல்லாவற்றுக்கும் என்னிடம் மறுபதில் தயாராக இருந்தது. இது அந்த வரிசையில் வரவில்லை.

“கூட இருந்தாத்தான பழகும்?” என்றேன்.

“ம்.”

“போறீங்களா?”

“இந்த ஒரு தடவ. ரெண்டு வருஷம்” என்றார். பிறகு, “உன் கேசட்டுல பின்னால தண்ணி லாரி ஹாரன் கேக்கும் தெரியுமா? நீ டேப்ப அப்படியே வச்சிட்டு ஓடிருவ. மிச்சம் வெறும் அடுக்களைச் சத்தம். அதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்” என்றார்.

எழுந்து டிக்கியைத் திறந்து கேனை எடுத்தேன். ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகி அவர் திறந்தார். நான் கேனைச் சரித்துப் பிடித்து மெதுவாக ஊற்றினேன். எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவும் உள்ளே போனது. இருவருக்கும் கை நனைந்தது. அதன் பிறகு திருச்செந்தூர் வரை அவர் பேசும்போது நானும், நான் பேசும்போது அவரும் ‘ம்’ சொல்லிக்கொண்டே வந்தோம். சில இடங்களில் தேவைக்கு அதிகமாகவும் சொன்னோம். லாட்ஜுக்கு வந்ததும் களைப்பில் தூங்கிவிட்டோம்.

திண்டுக்கல் திரும்பிய மறுநாள் அவர் தந்தி கொடுத்தார். நானும் கூடப் போனேன். லீவு முடிந்ததும் ரயிலேறினார்.

ஆடிக்காற்று ஓய்ந்த சமயத்தில் பழனிக்காரர் வந்து கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆபீஸிலிருந்து வந்து, முகம் கழுவி, அடுக்களையில் உட்கார்ந்து போட்டேன். “நல்லாருக்கியா?” என்று கேட்டது அவர் குரல். அதன் பிறகு சத்தமே இல்லை. டேப் சிக்கிக்கொண்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சக்கரங்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. காதை வைத்துக் கேட்டபோது ஏ.சி. ஓடுவதும், தூரத்தில் யாரோ தட்டுக் கழுவுவதும் கேட்டன.

“சரி. தண்ணி வருதா?” என்றார். மறுபடி சத்தமில்லை.

எனக்கு இடம் விட்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

“எங்க வருது? லாரி கூட இப்பல்லாம் வாரத்துக்கு ஒருக்கத்தான்…” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்ததைத் தொடங்கிவிட்டார். என் பதிலுக்கு அவர் விட்ட இடம் பத்தவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, “இல்ல” என்று மட்டும் சொன்னேன். அது சரியாகப் பொருந்தியது.

பிறகு ஒரு கப்பல் கதை தொடங்கினார். வாக்கியத்துக்கு வாக்கியம் சின்னதாக ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் அவர் மூச்சு கேட்டது.

தெருவில் ஹாரன் அடித்தது. குடங்கள் உருளும் சத்தம், ஓடும் சத்தம். எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். “ஏ புள்ள, லாரி வந்திருச்சு. கொடத்த எடுத்துட்டு வா.”

“நீங்க போங்கக்கா, வாரேன்” என்றேன்.

வாசலில் குடங்கள் காலியாக இருந்தன. நான் எழுந்திருக்கவில்லை. அவர் நிறுத்தியிருந்தார்.

“ம்” என்றேன்.