கொடுத்து வைத்த பீர்க்கை விதை

முதலியார்பேட்டையில் மாடித்தோட்டம் போடும் எங்களுக்குள் ஒரு வழக்கம். நல்ல விதை கிடைத்தால் இன்னும் இரண்டு வீடுகளில் கொடுத்து வைப்போம். நம் வீட்டு விதை வீணானால் அங்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். என் குட்டைப் பீர்க்கை அப்படி அரியாங்குப்பத்து அக்கா கொடுத்து வைத்ததுதான்.

போன வருஷம் ஒரு விதைக் கம்பெனி ஆள் வந்தார். புது ரகப் பீர்க்கை விதை, மண், பை எல்லாம் இலவசம், வளர்த்துப் படம் அனுப்பினால் போதும் என்றார். இலவசம் என்றால் எனக்குக் கண்மண் தெரியாது. போனில் நீளமாக ஓடிய ஆங்கில நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று அழுத்திவிட்டு, அக்கா கொடுத்த கொடி, கம்பெனிக் கொடி இரண்டையும் ஒரே பந்தலில் ஏற்றினேன்.

இந்த மழையில் அக்கா வீட்டு விதையெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது.

"இன்னொரு வூட்லயும் இல்லன்னுட்டாங்க. உங்கிட்ட இருக்குல்ல?" என்று வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பந்தலில் முற்றிய குட்டைப் பீர்க்கையிலிருந்து எடுத்து வைத்த விதை டப்பாவைத் திறக்கப் போனபோதுதான், விதையை யாருக்கும் தரக்கூடாது என்று கம்பெனி அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. அது அவர்கள் விதைக்கு மட்டும்தானே என்று கேட்க, அக்காவின் எதிரிலேயே அந்த ஆளுக்குப் போன் போட்டேன்.

"ஒரே பந்தல்ல ரெண்டும் பூத்திருக்கு மேடம். உங்க விதையிலயும் எங்க ரகம் கலந்திருக்கும். வெளிய குடுத்தா நோட்டீஸ் வரும்."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூவுக்குப் பூ தாவிய வண்டு எந்தச் சம்மதமும் அழுத்தவில்லையே.

அக்கா கையில் கொடுத்தால் ஒரே வாரத்தில் ஊரெல்லாம் போய்விடும். அவர் சுபாவம் அது. வம்பு வந்தால் வாங்கிய எல்லோர் தலையிலும் விடியும். எனக்குப் பயமாக இருந்தது. டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நான் குடுத்த வெதைய நான் வாங்கறதுக்கு யாரக் கேக்கணும்ன்ற?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் புரியாமல் கேட்டார்.

வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் பந்தலிலிருந்து நாலைந்து பிஞ்சுகளைப் பறித்துக் கொடுத்தேன். சாப்பிடத் தடையில்லை. அக்கா ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே இன்னும் விதை கட்டவில்லை.

"கூட்டுக்கு ஆவும்" என்று பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.