தட்டான் வரிசை

ஆகஸ்ட் 6. மனைவி வசந்தாவின் பதினாறாம் நாள் காரியம். குளத்தில் மூன்று முழுக்கு. மாலையில் வலக்காது அடைத்தது.

ஆகஸ்ட் 7. விழித்தபோது வலக்காதில் பேச்சு கேட்கவில்லை. சீரான இரைச்சல் மட்டும். குளத்து நீர் புகுந்ததாகக் கருதினேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், மூன்று சொட்டு.

ஆகஸ்ட் 8 முதல் 16 வரை. மாற்றமில்லை. எண்ணெய் தொடர்ந்தது.

ஆகஸ்ட் 17. மாடிப்படியில் தடுமாற்றம். மகள் கயல்விழிக்குத் தெரிவித்தேன்.

ஆகஸ்ட் 18. வேலூர். காது, மூக்கு, தொண்டை மருத்துவர்.

மருத்துவருக்கு என் மகளின் வயதிருக்கும். இசைக்கவை ஒன்றை முழங்கையில் தட்டி, அதன் அடியை என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குதுங்க ஐயா?"

"இடப்பக்கம்."

"தண்ணியோ அழுக்கோ அடைச்சிருந்தா, அடைச்ச பக்கம்தான் ஜாஸ்தியா கேக்கணும். இது நரம்பு. எத்தனை நாளாச்சு?"

"இன்று பன்னிரண்டாம் நாள்."

"காலேஜ்ல கணக்கு வாத்தியார்னு பொண்ணு சொன்னாங்க. பன்னெண்டு நாளும் பூண்டெண்ணெயா?"

"அப்பா கம்மியா சொல்றாருங்க டாக்டர். வுட்டிருந்தா காதுலயே ரசம் தாளிச்சிருப்பாரு" என்றாள் கயல்விழி.

நோயின் பெயர் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு (உட்காதின் நுண்மயிர்ச் செல்களோ செவி நரம்போ ஓரிரு நாளில் செயலிழப்பது). காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை. முழுக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிகிச்சைக்கு முதல் இரண்டு வாரங்களே முக்கியமானவை. அவற்றில் பெரும்பகுதியை நான் எண்ணெய்க்குக் கொடுத்திருந்தேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு காது திடீரென அடைத்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் எந்தக் காரியம் நடந்துகொண்டிருந்தாலும் செல்லுங்கள். துக்க வீட்டில் தன் உடம்பைப் பற்றிப் பேசுவது அழகல்ல என்று நான் நினைத்தேன். அது பிழை.

சிகிச்சை தொடங்கியது. இரண்டு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கம் தணிக்கும் மருந்து). பிறகு செவிப்பறையைத் துளைத்து நடுக்காதில் செலுத்தும் ஊசி, வாரம் ஒன்றாக நான்கு. ஊசி, சொல்லிப் பயமுறுத்துகிற அளவுக்கு வலிப்பதில்லை. அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். எச்சில் விழுங்கக் கூடாது. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க ஐயா. திரும்பறதுக்கு எடம் குடுத்துப் பாக்கலாம்" என்றார்.

மூன்றாம் ஊசிக்குப் பின் கொஞ்சம் திரும்பியது. திரும்பியது கோணலாக இருந்தது. வலக்காது ஒவ்வொரு சுரத்தையும் ஏறக்குறைய அரைச் சுரம் தாழ்த்திக் கேட்டது. இதற்கு டிப்ளக்கூசிஸ் (ஒரே ஒலி இரு காதுகளில் இரு வேறு சுருதியாகக் கேட்பது) என்று பெயர். பேச்சில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டில் முடியாது.

எனக்கு ஒரு பாட்டைக் கேட்டாக வேண்டியிருந்தது. வசந்தா முப்பதாண்டுகள் வீட்டிலேயே வாய்ப்பாட்டு கற்பித்தவள். சரளி வரிசை, ஜண்டை வரிசை முடித்தவர்களுக்கு அவளே ஆக்கிய ஒரு பயிற்சி உண்டு, மோகனத்தில், ஆதி தாளத்தில். தட்டான் வரிசை என்று பெயர் வைத்திருந்தாள். அதை அவள் எழுதி வைக்கவில்லை. என் கைபேசியில் நான்கு நிமிடப் பதிவு ஒன்று மட்டும் இருந்தது. அதில் அவள் இரண்டு குரலில், ஒன்றோடொன்று சுருதி சேராமல் பாடினாள்.

அந்தப் பயிற்சி பிறந்தது அடி அண்ணாமலைக் குளத்தருகே. மழை விட்ட வெயிலில் அங்கே தட்டான்கள் வரும். ஒன்று நீருக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நிற்கும். அவளுக்கு அது ஷட்ஜத்தில் கார்வை (ஒரே சுரத்தில் தங்கி நிற்பது). சட்டெனப் பக்கவாட்டில் பாயும். அது இரண்டாம் காலம் (இரட்டை வேகம்). பாய்ந்தது பாதியில் செங்குத்தாக ஏறி, காந்தாரத்தைத் தொட்டுவிட்டு, முன்பு நின்ற அதே புள்ளிக்கு வந்து சேரும். அவள் தொடையில் தாளம் போட்டபடி பார்ப்பாள். அது வந்து நிற்கும்போது கையும் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கை) விழுந்திருக்கும்.

தட்டானின் சிறகு நொடிக்கு முப்பது முறை போல அடிக்கிறது, மனிதச் செவிக்கு அது இசையாகாது என்று நான் ஒருமுறை விளக்கினேன்.

"உங்க காதுக்குக் கேக்கலன்னா அதுக்குத் தொண்டையே இல்லன்னு ஆயிடுமா?" என்றாள்.

வலக்காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, இடக்காதால் மட்டும் கேட்டு, ஆறு நாட்களில் அதைச் சுரப்படுத்தி எழுதினேன். ஒரே ஒரு இடத்தைத் திருத்தினேன். மூன்றாம் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடிந்ததும் பதிவில் பாட்டு நின்றுவிடுகிறது. அங்கே என் குரல் கேட்கிறது: "காப்பி ஆறுது, அப்புறம் பாடலாமே." பின்பு அவள் தொடர்கிறாள். அவளுடையதாக எஞ்சிய ஒரே பாட்டை இடையில் நிறுத்தியவன் நான். அந்த இடைவெளியை விட்டுவிட்டு எழுதினேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து செல்வி வந்தார். அங்கன்வாடிப் பணியாளர், நாற்பது வயதுக்கு மேல் வசந்தாவிடம் பாட்டுக்குச் சேர்ந்தவர். தாளைக் கொடுத்தேன். தாளம் போட்டுப் பாடியவர், மூன்றாம் வரியில் நிறுத்தினார்.

"சார், இங்க ஒரு சுத்து வுட்டுப்போச்சு."

"அது நான் குறுக்கே பேசியதால் வந்த இடைவெளி, அம்மா."

"இன்னா சார் நீங்க, எங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அங்க தட்டான் புல்லு மேல ஒக்காந்துடும். எட்டு எண்ணிக்கை சும்மா இருக்கணும். அவசரப்பட்டு எடுத்தா, 'எங்கடி பறக்கிற, அதுவே இன்னும் எழுந்திரிக்கல'னு திட்டுவாங்க. நீங்க குறுக்க பேசினா டீச்சர் நிறுத்திடுவாங்களா? அவங்க என்னிக்கு உங்களுக்காக நிறுத்தினாங்க?"

சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. மறுநாள் காலை ஆட்டோவில் அடி அண்ணாமலைக்குச் சென்றேன். தலைசுற்றல் இருந்ததால் கைத்தடியை ஊன்றிக் குளக்கரைக் கல்லில் அமர்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை பார்த்தேன். தட்டான் வட்டமிட்டு வந்து கோரையின் நுனியில் அமர்கிறது. அமர்ந்தாலும் சிறகை மடிப்பதில்லை. நான்கையும் விரித்தபடியே இருக்கிறது. பிறகு எழுந்து, விட்ட இடத்திலிருந்தே பறக்கிறது.

வீட்டுக்கு வந்து வலக்காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். பதிவின் அந்த இடத்தை மட்டும் மீண்டும் மீண்டும் ஓடவிட்டேன். என் குரலுக்கு அடியில் மூன்று தட்டுகள் இருந்தன: ஒன்றில், ஐந்தில், ஏழில். ஆதி தாளத்தில் உள்ளங்கை விழும் இடங்கள் அவை. விரல் எண்ணிக்கைக்கும் வீச்சுக்கும் சத்தமில்லை. நான் காப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் தாளத்தை விடவில்லை. எட்டு முடிந்ததும், சரியாகச் சமத்தில் எடுத்தாள். இந்தத் தட்டுகள் முன்பும் ஒலித்திருக்கும். அவை அங்கே இருக்கக்கூடும் என்று எண்ணாததால் நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாதச் சோதனையில், தாழ்ந்த ஒலிகளும் நடுத்தர ஒலிகளும் பெரும்பாலும் திரும்பியிருந்தன. உச்ச ஒலிகள் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றார் மருத்துவர். குக்கர் விசில் இப்போது என் இடப்புறத்திலிருந்து மட்டுமே வருகிறது. இரைச்சல் இருக்கிறது, அதோடு உறங்கப் பழகிவிட்டேன். வசந்தாவின் குரல் ஒன்றாகிவிட்டது, மேல் காந்தாரத்தைத் தவிர. அங்கே இரண்டு சுரங்கள் லேசாக உரசுகின்றன. அந்த இடம் வருமுன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது; தலையை வலப்பக்கம் திருப்பி இடக்காதைக் கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் ஏழிலிருந்து நாட்களை எண்ணும் வழக்கம் நின்றுவிட்டது. படியிறங்கும்போது எட்டு எட்டாக எண்ணுகிறேன், தடுமாறாமல் இருக்க. ஒலியில்லாத எண்ணிக்கைகளையும் சேர்த்தால்தான் எட்டு வருகிறது.

இன்னும் செய்யாதவை:

ஆறாம் மாதக் கேள்திறன் சோதனைக்குப் பெயர் பதிவது.

பூண்டெண்ணெய்க் குப்பியைக் கழுவி வைப்பது.

விடுபட்ட சுற்றைச் சேர்த்துச் செல்விக்குப் புதிய படி எடுத்துக் கொடுப்பது.

பதிவிலிருந்து என் குரலை மட்டும் நீக்கித் தருவதாகக் கயல்விழி சொன்னாள். வேண்டாம் என்று அவளுக்குப் பதில் எழுதுவது.