ஐந்தாம் வரிசைக்கு வோட்டு இல்லை

வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்து ஒன்பது வருஷமாகியும் சுதர்சினி ஒரு தடவைகூட வோட்டுப் போட்டதில்லை. சோம்பல் காரணமில்லை. சங்கத் தேர்தல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காகத்தான் நடந்தது. வத்தேகமவுக்குப் போகும் வழியிலிருந்த அந்தச் சந்தைக் கட்டடத்தில் ஐந்து வரிசைக் கடைகள். வரிசைக்கு ஒருவரைத் தெரிவுசெய்து செயற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஐந்து பேரில் ஒருவர் சங்கத் தலைவர். நாலு வரிசைகளில் பெட்டி வைப்பார்கள், சத்தம் போடுவார்கள், வென்றவனுக்குப் பட்டாசு கொளுத்துவார்கள். ஐந்தாம் வரிசையில் மட்டும் 'வீரய்யா போட்டியின்றித் தெரிவு' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சுதர்சினியின் தையல்கடை அந்த வரிசையில்தான் இருந்தது.

வீரய்யா சங்கத் தலைவர். சட்டி பானையும் அலுமினியப் பாத்திரமும் விற்பவர். ஒருவர் வம்புக்கும் போகாத மனிதர். சந்தையில் மேல்வாசல் அணி, கீழ்வாசல் அணி என்று இரண்டு கட்சி. ஒரு காலத்தில் கூட்டம் கூடினால் கதிரை பறக்கும். ஒருவருக்கு மண்டை உடைந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போன பிறகு, இரண்டு அணியும் உட்கார்ந்து ஒரு பேச்சுக்கு வந்தன. வீரய்யா பொதுத் தலைவர். அவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, எதையும் கேட்டு வாதாடக்கூடாது, செயற்குழுவில் வாக்கும் போடக்கூடாது. பதிலுக்கு, அவருடைய வரிசையில் இரண்டு அணியும் ஆள் நிறுத்தாது. அன்றைக்கு எல்லோரும் நல்லது என்றார்கள். சுதர்சினியும்தான்.

போன வருஷம் இரண்டு வரிசைக்குப் போதுமான கூரைத் தகரம் கிடைத்தது. எந்த வரிசைக்குப் போடுவது என்று செயற்குழு கூடியது. அங்கத்தவர்கள் சுவரோரமாக நின்று பார்க்கலாம், பேச முடியாது. இரண்டாம் வரிசைக்காரர் போனில் படம் பிடித்து வந்து காட்டினார். நாலாம் வரிசைக்காரர் அரை மணி நேரம் பேசினார். மேட்டுத் தண்ணீர் முழுக்க வந்து விழுவது ஐந்தாம் வரிசைத் தகரத்தில் என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும். "வேற யாருக்காச்சும் பேச இருக்கா?" என்று கேட்டார் வீரய்யா. யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் வரிசைக்காகப் பேச வேண்டியவர் கேள்வி கேட்ட அவரேதான். இரண்டாம் வரிசை மேல்வாசல், நாலாம் வரிசை கீழ்வாசல். ஆளுக்கொன்று என்று முடிந்தது.

பத்து நாள் கழித்து ஒரு பகல் மழையில், தைத்து மடித்து வைத்திருந்த பதினாலு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை மேல் துருத்தண்ணீர் கொட்டியது. தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் கறை அசையவில்லை. ஈரச் சட்டையொன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு வீரய்யாவிடம் போனாள்.

"அண்ணே, நம்ம வரிசைக்கு நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

அவர் சட்டையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "தலைவர் கதிரையில உக்காந்துக்கிட்டு என் வரிசைக்கு நானே கேட்டா, மத்தவங்க சும்மா இருப்பாங்களா தங்கச்சி? மறுபடியும் அடிபுடிதான்."

"அப்ப எங்களுக்காக யாருண்ணே கேக்குறது?"

"யாராச்சும் ஒரு அணிக்காரங்ககிட்ட சொல்லிப் பாருங்க. நல்ல மனுசங்கதான்."

சொல்லிப் பார்த்தாள். மேல்வாசல் அணியின் மோகனராஜ் முதலாளி தன் பலசரக்குக் கடையில் அவளை உட்காரவைத்து, சோடா உடைத்துக் கொடுத்தார். "அது உங்க தலைவரோட வரிசை. நான் மூக்க நுழைச்சா மரியாதையா இருக்காது" என்றார். அப்படியானால் தேர்தலில் ஐந்தாம் வரிசைக்கும் ஓர் ஆளை நிறுத்துங்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். "பேச்சுன்னா பேச்சுதான்மா. அதக் கெடுத்தா சங்கமே ஒடஞ்சு போயிரும்." கீழ்வாசல் அணியின் சேனாரத்ன முதலாளியும் அதையேதான் சிங்களத்தில் சொன்னார். ஜென்மப் பகைக்காரர்கள் இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே வாயால் பேசியது அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. சோடாவைக் குடிக்காமல் வந்திருக்கலாம் என்று வழியெல்லாம் தோன்றியது.

இந்த வருஷத் தேர்தலுக்கு அவளே நின்றாள். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இருவரும் அதே வரிசைக்காரராக இருக்க வேண்டும். செருப்புக்கடை ஸிபான் நானா வேட்புமனுப் படிவத்தை வாங்கிப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டார்.

"நானா, உங்களுக்குப் பிரச்சினை வராதா?"

"வந்தா வரட்டும் தங்கச்சி. இந்தக் கடைக்கு நான் வந்து எட்டு வருசம். எலெக்சன் எப்படி இருக்கும்னு நானும் ஒருக்காப் பாக்கணுமே."

வழிமொழிந்த வெங்காயக்கடை கறுப்பையா மறுநாள் காலையிலேயே ஓடி வந்தார். அவருக்கு வெங்காயம் வருவது மோகனராஜின் லொறியில். "கோவிச்சுக்காதம்மா, என் பேர வெட்டிரு" என்று கெஞ்சினார். வெட்டினாள். வளையல்கடை நிரோஷா பேனாவை வாங்கி அந்த இடத்தில் தன் பேரை எழுதினாள்.

அந்த மூன்று வாரத்தில் சுதர்சினி கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. நல்ல மனுசனைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்றார்கள். மேல்வாசல்காரர்கள் அவளைக் கீழ்வாசல் அனுப்பியது என்றார்கள். கீழ்வாசல்காரர்கள் மேல்வாசல் அனுப்பியது என்றார்கள். தகரத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. வீரய்யா மட்டும் வழக்கம்போல எதிரே வந்தால் தலையசைத்துவிட்டுப் போனார். அதுவே அவளுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. அவர் ஒரு கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்!

ஐந்தாம் வரிசையில் பெட்டி வைத்தார்கள். பதினெட்டுக் கடை, பதினெட்டு வோட்டு. தன் வோட்டுத் துண்டைச் சுதர்சினி இரண்டாக மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வீரய்யாவுக்குப் பதினொன்று, அவளுக்கு ஏழு. ஏழு பேரா என்று சந்தையே மூக்கில் விரலை வைத்தது. தோற்ற கவலை அவளுக்கு அவ்வளவாக இல்லை. அடுத்த தடவை மூன்று பேர் இந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

அடுத்த தடவைக்கு அவர்கள் வழி வைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. தலைவர் மறுபடியும் நின்றால் அவருடைய வரிசையில் வேறு யாரும் வேட்புமனு கொடுக்க முடியாது என்று சங்கத்தின் விதிகளான யாப்பில் சேர்ப்பது. மோகனராஜ் முன்மொழிந்தார், சேனாரத்ன வழிமொழிந்தார். சுவரோரம் நின்ற சுதர்சினி கையைத் தூக்கினாள். அவளைப் பேச விடக்கூடாது என்று இரண்டு பக்கமும் சத்தம் போட்டது. வீரய்யா மேசையில் தட்டி, "ரெண்டு நிமிசம் பேசட்டும்" என்றார். தலைவராக அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

"தலைவர் பொதுவா இருக்கணும், சரி" என்றாள் அவள். "அதுக்கு ஏன் பதினெட்டுக் கடை ஊமையா இருக்கணும்? அவர வெளியில இருந்து தெரிவு செய்ங்க. இல்லாட்டி எங்களுக்குப் பேச இன்னொரு ஆள் குடுங்க. ரெண்டும் இல்லன்னா, சந்தா மட்டும் எங்ககிட்ட எதுக்கு வாங்குறீங்க?"

நாலு கை உயர்ந்தது. எதிர்ப்புக் கை ஒன்றும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று வீரய்யாவே வாசிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் பகல் அவர் தையல்கடைக்கு வந்து வாசலில் நின்றார்.

"எனக்கு வோட்டு இருந்திருந்தா எதிர்த்துத்தான் போட்டிருப்பேன், தங்கச்சி."

"தெரியும்ணே."

"அடுத்த தடவ நான் நிக்கமாட்டேன். வயசும் ஆச்சு. அதுக்கப்புறம் நம்ம வரிசைக்கு எலெக்சன் வரும்."

சுதர்சினி மெசினை நிறுத்தினாள். அவர் ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தும் கோபம் அடங்கவில்லை.

"நீங்க போனா இன்னொருத்தர் தலைவரா வருவாரு. மூணாம் வரிசையில இருந்து வந்தா, மூணாம் வரிசைக்காரங்க வாயக் கட்டிருவாங்க. அவங்ககிட்டப் போயி, எங்க மொற முடிஞ்சுது, இப்ப ஒங்க மொறன்னு சொல்லவா?"

அதற்குள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் ரவிக்கைத் துணியோடு வந்து நிற்க, வீரய்யா வழிவிட்டு ஒதுங்கிப் போனார். அந்தப் பெண் அளவு சொல்ல ஆரம்பித்தாள். சுதர்சினிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. "இன்னொருக்காச் சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டு நாடாவை எடுத்தாள்.