சந்தனத்துல ஒட்டிக்கிட்ட ஓலைச்சுவடி

இன்னைக்கு அண்ணன் வீட்டு ஓலைச்சுவடியைப் படம் எடுத்து வைக்க ஸ்ரீரங்கம் கொண்டு போனோம்.

அங்க படம் எடுக்கிற கேமராக்கார அம்மா சுவடிக் கட்டைப் பிரிச்சாங்க. மேல் ஓலை வரவே இல்லை.

"இதுல என்னங்க பூசினீங்க?"

"சந்தனம்தாங்க. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜையில வைப்போம்" என்றார் அண்ணன்.

"உடைஞ்சாலும் உடையும்"னு சொல்லிட்டு, பிரஷ்ல எண்ணெய் தொட்டு மெதுவா நீவினாங்க. அண்ணன் மூச்சே விடலை.

"அண்ணே, அண்ணி பிரசவத்துக்குக்கூட நீங்க இப்படி நிக்கலையே" என்றேன். முறைச்சார்.

ஓலை முழுசா வந்துடுச்சு. படமும் எடுத்தாச்சு.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் அண்ணன்.

"மாட்டு வைத்தியம்ங்க."

எங்க வீட்டுல யாருக்கும் ஏன் படிப்பு ஏறலைன்னு இப்பதான் புரியுது.

அண்ணன் அசரலை. "மாடும் லட்சுமிதானே"ன்னுட்டார்.

யார் வீட்டு மாட்டுக்காவது வயிறு உப்பினா சொல்லுங்க. படமெல்லாம் என் போன்ல இருக்கு.